தம்பி போனது பயணம், அக்கா போனது? – ஒரு நிகழ்வு ஆய்வு

மொதல்லயே சொல்லிடுறேன், ஒரே வீட்டு அக்காவும் தம்பியும் வெளிநாடு போய் வந்த இந்தக் கேஸ நான் தேடிப் போகல. தம்பிக்கு மனு எழுதிக் குடுக்கத்தான் போனேன். சவுதில ஜுபைல் பக்கம் மீன்பிடி போட்ல ஏழு வருஷம் இருந்துட்டு 2023ல திரும்புனவரு, கடைசி சீசன் பங்குக் காசு வரவே இல்ல, ஓனர் போனையும் எடுக்கல, அதுக்கு ஒரு மனு. கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவுல இருக்குற கடலோர ஊரு, ஊர் பேரையும் ஆள் பேரையும் வேணும்னேதான் விட்டுருக்கேன். தம்பிக்கு 39 வயசு, அவரு அக்காவுக்கு 42. நான் அவரை அண்ணேன்னும் அவங்களை அக்கான்னும்தான் கூப்புடுவேன், ஆனா இங்க குழப்பம் வேணாம்னு தம்பி, அக்கான்னே எழுதுறேன்.

தம்பி திண்ணைல உக்காந்து வருஷம் வாரியா சொல்றாரு, நான் எழுதுறேன். 2009ல பஹ்ரைன், 2013ல திரும்புனது, 2016ல சவுதி. நடுவுல கதவு நிலைய ஒட்டி நின்ன அக்கா, "2013 தீவாளிக்கு முந்தியே வந்துட்டியேடா, நான் அப்ப குவைத்துல இருந்து போன்ல பேசுனேன்ல"ன்னு ஒரு திருத்தம் சொன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த வீட்டுக்கு நாலு தடவ போயிருக்கேன், அக்கா குவைத்துல ஏழு வருஷம் இருந்தவங்கன்னு யாருமே சொல்லல. தப்பு என் மேலயும்தான். என் பழைய நோட்ட எடுத்துப் பாத்தா தம்பி பேருக்கு நேரா 'வெளிநாட்டுத் தொழிலாளி'ன்னும், அக்கா பேருக்கு நேரா 'விதவை, கடல்பாசி எடுக்கிறார், உடன் வசிக்கிறார்'னும் என் கையெழுத்துலயே இருக்கு. நான் கேக்கவே இல்ல, அவங்களும் சொல்லல, ரெண்டும் ஒரே காரணத்தாலதான்னு இப்பத் தோணுது.

ஊர்ல இதுக்கு என்ன பேரு

எங்க கடற்கரைல வெளிநாடு போறது அதிசயமே இல்ல. கீழக்கரைல முஸ்லிம் வீடுகள்ல அதுக்கு 'சபர்'னே பேரு, "மச்சான் சபர்ல இருக்காங்க"ன்னா எந்த நாடுன்னுகூட கேக்க மாட்டாங்க. மத்த ஊர்கள்ல 'பயணம்'. "பயணம் கெளம்பிட்டான்", "பயணத்துக்கு காசு கட்டிருக்கான்". இந்த வார்த்தை ஆம்பளைக்கு மட்டும்தான். ஒரு பொம்பளை அதே பிளேன்ல ஏறுனா அது பயணம் இல்ல, "வீட்டு வேலைக்குப் போயிருக்கா", அதுவும் குரலை இறக்கி. இல்லன்னா "கத்தாமா வேலை"ன்னு (கத்தாமான்னா அரபில வேலைக்காரி) ஒரு மாதிரி இழுத்துச் சொல்றது.

இதுல வேடிக்கை என்னன்னா எங்க பக்கம் பொம்பளைங்க கடல் தாண்டுறது நேத்து ஆரம்பிச்சது இல்ல. வெள்ளக்காரன் காலத்துல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனத்தை எல்லாம் மண்டபம் கேம்ப்லதான் நோய் இருக்கான்னு பாக்க நிறுத்தி வெச்சாங்க, அதுல புள்ளையும் கையுமா பொம்பளைங்களும் நெறைய இருந்திருப்பாங்க, தோட்டத்துல கொழுந்து பறிச்சதே அவங்கதான. 1914ல பாம்பன் பாலம் தொறந்தப்பறம் ரயில்ல தனுஷ்கோடி வரைக்கும், அங்கருந்து கப்பல்ல தலைமன்னாருன்னு ஆச்சு. 1983க்கு அப்பறம் அந்தப் பக்கம் இருந்து அகதியா வந்த ஜனத்துக்கும் அதே மண்டபம்தான். அவங்களுக்கெல்லாம் ஊர் ஒரு பேர் வெச்சிருக்கும், கூலி, அகதி, அப்பிடி. 'பயணம்' மட்டும் குடுக்காது.

தம்பி சொன்னது

தம்பிகிட்ட கதை கேக்கணும்னா கஷ்டமே இல்ல, டீ சொல்லிட்டு உக்காந்தா போதும். பஹ்ரைன்ல போட்டுக்கு நாலு பேர், டீசல், ஐஸ், சாப்பாட்டு செலவு கழிச்சு மிச்சத்துல பாதி ஓனருக்கு, பாதி இவங்க நாலு பேருக்கு. மாசச் சம்பளம் கிடையாது, மீன் படலன்னா பட்டினி. 2010ல கத்தார் கோஸ்ட் கார்டு புடிச்சு 23 நாள் உள்ள வெச்ச கதையை அவரு சொல்லும்போது பக்கத்து வீட்டுப் பயலுக எல்லாம் வந்து உக்காந்துருவானுங்க. பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் நடுவுல கடல்ல கோடு போட்டது சர்வதேச நீதிமன்றம், 2001ல. அவரு அதுக்குச் சொன்ன விளக்கம்: "நமக்கு 1974லயும் 76லயும் போட்ட கோட்டைத் தாண்டுனா சிலோன் நேவிக்காரன் புடிக்கிறான்னு அங்க ஓடுனா, அங்கயும் ஒரு கோடு போட்டு வெச்சிருக்கான். மீனுக்கு மட்டும்தான் பாஸ்போர்ட் வேணாம்."

பாஸ்போர்ட்ட எடுத்துக் காட்டுனாரு. இமிகிரேஷன் முத்திரை, எமிகிரேஷன் கிளியரன்ஸ், எல்லாம் வரிசையா இருக்கு. பத்தாவது முடிக்காதவரு, அதனால அந்தக் கிளியரன்ஸ், அதாவது கவர்மெண்ட் அனுமதி, வாங்கித்தான் போகணும், வாங்கித்தான் போயிருக்காரு. அப்பவே 275 ரூபா கட்டி பத்து லட்சத்துக்கு பிரவாசி இன்சூரன்ஸும் (வெளிநாடு போற தொழிலாளிக்கு கவர்மெண்ட் வெச்ச காப்பீடு) போட்டிருந்தாங்க. ஆக தம்பி போனதுக்கு கவர்மெண்ட்டும் சாட்சி, ஊரும் சாட்சி.

சொல்லாம விட்டதும் இருக்கு. போட்ல சமையல் யாரு பாத்ததுன்னு நானாக் கேட்டேன். கொஞ்சம் நெளிஞ்சுட்டு, "மாத்தி மாத்தி... ஆனா நான் சின்னவன்ல, பெரும்பாலும் நாந்தான்"ன்னாரு. நாலு பேருக்கு சோறாக்கி, பாத்திரம் தேச்சு, பெரியவங்க துணியும் தொவச்சிருக்காரு நாலு வருஷம். அங்க அக்கா செஞ்ச அதே வேலை. இது மட்டும் அவரு கதைல ஒரு தடவகூட வந்தது இல்ல, "இத மனுல எழுதிறாதீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, ஆனா சிரிப்புக்குச் சொல்லலன்னு எனக்குப் புரிஞ்சுச்சு.

அக்கா சொன்னது, ரெண்டு தடவையா

மொத தடவ திண்ணைல, தம்பி பக்கத்துல இருக்கும்போது கேட்டேன். பத்து நிமிஷம்கூட வரல. "போனேன், வீட்டு வேல, அந்தம்மா நல்லவங்கதான், வந்துட்டேன்." எல்லா வாக்கியத்துக்கும் முன்னாடி தம்பி மொகத்தை ஒரு பார்வை. ரெண்டாவது தடவ கடற்கரைல, காயப் போட்ட பாசிய பெரட்டிக்கிட்டே பேசுனோம், மூணு மணி நேரம் போனதே தெரியல. ஃபீல்டு வேலை பாக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பொம்பளைங்ககிட்ட பேட்டிக்கு நேரம் கேக்காதீங்க, அவங்க கூட உக்காந்து ஏதாவது ஒரு வேலைய செய்யுங்க.

அக்கா சின்ன வயசுலருந்து பாசி எடுக்குறவங்க. அமாவாசைய ஒட்டி ஆறு நாள், பௌர்ணமிய ஒட்டி ஆறு நாள், தீவுப் பக்கம் வள்ளத்துல போயி கண்ணாடி மாட்டி முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை எல்லாம் பறிக்கணும், பாறை கிழிக்காம இருக்க வெரல்ல துணியச் சுத்திக்கணும். 1986ல மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவையும் சேத்து தேசியப் பூங்கான்னு அறிவிச்சதுலருந்து தீவுப் பக்கம் போனா பாரஸ்ட்காரங்க கெடுபிடி, பாசிய புடுங்கிக்கிறது, அபராதம். 2008ல புருஷன் செத்துட்டாரு. கையில நாலு வயசுப் பொம்பளப் புள்ள, தலைக்கு மேல கந்துவட்டி. தம்பி அப்பத்தான் பஹ்ரைன் போறதுக்குப் பணம் புரட்டிக்கிட்டு இருந்தாரு, அதுக்கு அக்காவோட கம்மலும் போச்சு. இதச் சொல்லும்போது அக்கா கோவமாச் சொல்லல, "அவன் போனா வீடு நிமிரும்னு எல்லாரும் சொன்னாங்க"ன்னாங்க, அம்புட்டுதான்.

2011ல அக்கா போகும்போது வயசு 28. இங்கதான் சட்டம் உள்ள வருது. பத்தாவது முடிக்காத பொம்பளை வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகணும்னா 30 வயசு ஆகிருக்கணும், பாதுகாப்புக்குன்னு போட்ட விதி. ஆம்பளைக்கு அப்பிடி ஒண்ணு இல்ல, தம்பி 23 வயசுல போனாரு, யாரும் எதுவும் கேக்கல. ரெண்டு வருஷம் காத்திருன்னா கந்துவட்டிக்காரன் காத்திருப்பானா? ஏஜெண்ட் துபாய்க்கு விசிட் விசால ஏத்தி, அங்கருந்து குவைத்துக்கு மாத்தி விட்டான். ஏர்போர்ட்ல கேட்டா 'சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்'னு சொல்லணும்னு ரெண்டு நாள் பாடம் வேற. கிளியரன்ஸ் இல்ல, ஒப்பந்தம் இல்ல, இன்சூரன்ஸ் இல்ல. காப்பாத்தப் போட்ட விதிதான் அவங்களை எந்தக் கணக்குலயும் இல்லாம ஆக்குனது, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

குவைத்துல சால்மியாங்குற இடத்துல நாலாவது மாடி வீடு. அறுபது தினார்னு சொன்னது போனப்பறம் நாப்பத்தஞ்சு ஆச்சு, அப்போதைய ரேட்டுக்கு 7,500 ரூபா சொச்சம். மொத மூணு மாசம் ஏஜெண்ட் கடன்னு பிடிச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் நாலு மாசம் அந்த வீட்ல, வெளிய கால் வெச்சதுன்னா குப்பை வாளிய எடுத்துக்கிட்டு கீழ இறங்கிப் போட்டுட்டு ஏறுறது மட்டும். பாஸ்போர்ட் கபீல்கிட்ட, அதாவது விசா குடுத்த முதலாளிகிட்ட. காசு அனுப்புனது அந்த வீட்டு டிரைவர் மூலமா, கடப்பாக்காரரு, "அந்த அண்ணன் இல்லன்னா என் புள்ள பட்டினி"ன்னாங்க.

நான் எதிர்பாத்தது அடி, பசி, அழுகை. கொஞ்சம் இருந்துச்சு, அதை நீட்ட வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. அவங்க நீட்டிச் சொன்னது கடல. ஹால் ஜன்னலைத் தொடைக்கும்போது கடல் தெரியுமாம். "நம்ம ஊர்ல முழங்கால் மட்டும் ஏறும், முழங்கால் மட்டும் வத்தும். அங்க ஆள் ஒசரத்துக்கு மேல வத்துதுங்க. தரை தெரியுது அம்புட்டு தூரத்துக்கு. இவ்ளோ வத்துற கடல்ல எம்புட்டு பாசி இருக்கும், ஒருத்தி கூட எறங்கிப் பறிக்கலையேன்னு நெனச்சுப்பேன்." காலண்டர் இல்லாம அமாவாசை பௌர்ணமிய வத்துற அளவ வெச்சே கண்டுபுடிச்சு, இன்னைக்கு நம்மாளுக தீவுக்குப் போயிருப்பாங்கன்னு கணக்குப் போடுவாங்களாம். அந்தக் கடல பாத்துக்கிட்டு இருந்தது ரெண்டேகால் வருஷத்துக்கு மேல, கால் நனச்சது ஒரு நாளும் இல்ல.

கடைசி நாலு மாசம் சம்பளம் குடுக்கல. ஒரு நாள் குப்பை போட இறங்குனவங்க திரும்ப ஏறல. அதுக்கப்பறம் 'கல்லிவல்லி', அதாவது பேப்பர் இல்லாம தலைமறைவா, எட்டு பொம்பளைங்க ஒரு ரூம்ல, மூணு நாலு வீட்டுல பார்ட் டைம் கிளீனிங். காசு முன்னவிடக் கூடக் கிடைச்சுது, ஆனா ஒவ்வொரு நாளும் போலீஸ் பயம். 2015ல குவைத்துல வீட்டு வேலைக்காரங்களுக்குன்னு தனிச் சட்டமே வந்துச்சு, வாரத்துல ஒரு நாள் லீவு, 12 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, முதலாளி பாஸ்போர்ட்ட வெச்சுக்கக் கூடாதுன்னு, அடுத்த வருஷம் குறைஞ்ச சம்பளம் 60 தினார்னும் ஆச்சு. அக்காவுக்கு அது எதுவும் ஒட்டல, ஓடிப்போனவங்கன்னு கேஸ் இருந்துச்சே. 2018 ஜனவரி கடைசில பொது மன்னிப்பு அறிவிச்சு ஏப்ரல் வரைக்கும் நீட்டுனாங்க, அந்தக் கூட்டத்தோட கூட்டமா அவுட் பாஸ் (பாஸ்போர்ட் கைல இல்லாதவங்க ஊர் திரும்பக் குடுக்குற பேப்பர்) வாங்கி மார்ச் மாசம் வந்து சேந்தாங்க. விட்டுட்டுப் போகும்போது ஏழு வயசுல இருந்த மக வாசல்ல பாவாடை தாவணில நின்னுச்சாம், அக்கா முதல்ல பக்கத்து வீட்டுப் புள்ளைன்னு நெனச்சிட்டாங்க.

தம்பி போனது பாஸ்போர்ட்ல முத்திரையா நிக்கிது. அக்காகிட்ட இருக்குறது காலாவதியான பத்தாக்கா ஒண்ணு, அந்த ஊரு அடையாள அட்டை, மகளோட ஸ்கூல் சர்டிபிகேட் டப்பாவுக்கு அடில.

தம்பி பொண்டாட்டி நோட்டு

இந்தக் கேஸ்ல பயணமே போகாத ஒரு ஆளு இருக்கு, கேஸ் புரிஞ்சதே அவங்களாலதான். கல்யாணமாகி ஒரு வருஷத்துல புருஷன் பஹ்ரைன் போயாச்சு, அப்பறம் மதினியும் போயாச்சு, வீட்ல மாமியார், மதினி மக, தன் புள்ளைங்க ரெண்டு, எல்லாத்தையும் ஓட்டுனது இவங்கதான். நாப்பது பக்க ஸ்கூல் நோட்டுல கணக்கு எழுதி வெச்சிருக்காங்க, மூணு நோட்டு. புருஷன் காசு மொத்தமா வரும், எட்டு மாசம் வராது, திடீர்னு அம்பதாயிரம். அது அஸ்திவாரம், செங்கல், காதுகுத்து. மதினி காசு சிறுசு சிறுசா கிட்டத்தட்ட எல்லா மாசமும். அது வட்டி, அரிசி, ஸ்கூல் பீஸ், மாமியார் மாத்திரை. ரெண்டையும் நான் உக்காந்து கூட்டுனேன், 2018 வரைக்கும் அக்கா அனுப்புனது தம்பிய விடக் கொஞ்சம் கூடத்தான் வருது. அவங்க அதப் பாத்து ஆச்சரியமே படல. "அவரு காசு சுவரா நிக்கிது, வர்றவங்க கண்ணுக்குத் தெரியும். மதினி காசத்தான் தின்னுட்டோமே"ன்னாங்க.

வீட்டு முகப்புல தம்பி பேரு சிமெண்ட்டுல எழுதிருக்கு.

அவங்க சொன்ன இன்னொன்ன சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன், கேட்டதுக்கு "எழுதிக்கங்க, அவரு இதெல்லாம் படிக்க மாட்டாரு"ன்னுட்டாங்க. 2013ல தம்பி திரும்பி வந்தப்ப கைல ஒண்ணும் இல்ல. சென்னைல இறங்கி காசிமேட்டுல கூட்டாளி ரூம்ல அஞ்சு நாள் இருந்துருக்காரு, ஊருக்கு வரல. அப்பறம் கடன் வாங்கி பர்மா பஜார்ல போர்வை, சென்ட்டு, கோடாலித் தைலம், டார்ச் லைட்டுன்னு பாரின் சாமானா வாங்கி அட்டைப் பெட்டில கட்டி, பஹ்ரைன்ல இருந்து நேரா வர்ற மாதிரி வந்து இறங்கிட்டாரு. ராத்திரி பெட்டியப் பிரிச்சா போர்வைக் கவர்ல ரூபா போட்ட வெலைச் சீட்டு. இவங்க அத நகத்தால சுரண்டி எடுத்துட்டு மாமியார்கிட்ட குடுத்துருக்காங்க. பன்னெண்டு வருஷம் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் புருஷன்கிட்ட கேக்கல. ஆம்பளை சுதந்திரமாப் போனான், பொம்பளை அடைஞ்சு கெடந்தான்னு ஈஸியா எழுதிட்டுப் போகலாம், ஆனா வெறுங்கையோட வீட்டு வாசல மிதிக்க முடியாத அந்த அஞ்சு நாளும் ஆம்பளைன்னுதான வந்துச்சு. அக்கா வெறுங்கையோட வந்தப்ப யாரும் எதையும் எதிர்பாக்கல, ஏன்னா அவங்க சம்பாதிக்கப் போனதாவே யாரும் நெனைக்கல.

ரெண்டு பேரும் திரும்புனப்ப ஊர் கேட்ட கேள்விய மூணு பேர்கிட்டயும் தனித்தனியாக் கேட்டேன், பதில் மாறல. தம்பிகிட்ட கேட்டது, "எம்புட்டு சேத்த?" அக்காகிட்ட கேட்டது, "அங்க ஒன்ன எப்பிடி வெச்சிருந்தாங்க?" கேக்குறப்பவே கண்ணு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வரும்னு அக்கா சொன்னாங்க. இப்பிடிக் கேட்டா யாரு பதில் சொல்லுவா, அதான் கதையச் சுருக்கிட்டாங்க, "அந்தம்மா நல்லவங்க"ன்னு. திண்ணைல எனக்குச் சொன்னதும் அந்தச் சுருக்கம்தான். தம்பி தன் கதைய நூறு தடவ சொல்லிச் சொல்லி மெருகேத்தி வெச்சிருக்காரு, வருஷம், நாள், எல்லாம் தெளிவா. அக்காவுக்கு வருஷமே வரல, "பாப்பா மூணாவது படிக்கும்போது", "அம்மா காலு ஒடிஞ்சப்ப"ன்னு வீட்டு விசேஷத்த வெச்சுத்தான் சொன்னாங்க. மறதி இல்ல அது, கேக்க ஆள் இல்லாததால சொல்லிப் பழகாதது. அவங்க அங்க இருந்துக்கிட்டே இந்த வீட்டு நாளத்தான் எண்ணிருக்காங்க.

போன வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப, "பொண்ணோட அம்மா எங்க இருந்தாங்க இடையில"ன்னு மாப்பிள்ளை வீட்ல கேட்டதுக்கு தம்பி "மெட்ராஸ்ல கம்பெனி வேல"ன்னுட்டாரு. காப்பி குடுக்க வந்த பொண்ணு அங்கயே நின்னு, "இல்ல, குவைத்துல இருந்தாங்க, அந்தக் காசுலதான் நான் படிச்சேன்"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சாம். அந்த இடம் அமையல. தம்பிக்கு அதுல இன்னமும் வருத்தம்தான், தப்பா எண்ணிச் சொல்லலன்னும் எனக்குத் தெரியும், அக்கா மானத்தக் காப்பாத்துறதாதான் அவரு நெனைக்கிறாரு.

மனு

தம்பி மனு முடிஞ்சு பிரிண்ட் எடுத்துட்டுப் போன அன்னைக்கு அக்கா மெதுவாக் கேட்டாங்க, "எனக்கும் அந்த மொத வீட்டுல நாலு மாசம் பாக்கி இருக்கே, அதுக்கு எழுத முடியுமா?" பத்து வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா, ஒப்பந்தமும் இல்ல, அட்ரஸ்கூட இல்லாம எப்பிடின்னு கேட்டேன். காசு வராதுன்னு அவங்களுக்கும் தெரியும், கேக்கும்போதே தெரிஞ்சுது.

"அட்ரஸ் இருக்கு"ன்னாங்க. தம்பி பொண்டாட்டியோட கணக்கு நோட்டோட பின் அட்டைல பென்சிலால வரைஞ்சாங்க. கீழ குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல கேட்டுல இருந்த நம்பராம், தெனம் பாத்தது. மொதல்ல கூரை மாதிரி ரெண்டு கோடு, பக்கத்துல ஒரு குட்டி வட்டம். நான் போன்ல அரபி நம்பர் எடுத்து வெச்சுப் பாத்துட்டு, கூரை எட்டு, வட்டம் சைபரு, அப்ப எண்பதாக்கான்னேன்.

"சைபருக்கு அங்க வெறும் புள்ளிதாங்க. முட்டை போட்டா அஞ்சு. எண்பத்தஞ்சுன்னு எழுதுங்க."